மேசைமேல் மூச்சு விளக்கு: அலுவலக ஊழியர்களுக்காக ஒரு மாணவர் திட்டம்

8 ஜனவரி 2025, கேள்வி

வணக்கம். நாங்கள் நால்வர், சென்னையில் பொருள் வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். இந்தப் பருவத்துக்கான திட்டம், அலுவலக ஊழியர்கள் வேலைக்கு நடுவே இளைப்பாற உதவும் மேசை விளக்கு. விரலை வைத்தால் நாடித்துடிப்பை அளக்கும். அழுத்தம் அதிகமானால் சிவப்பாகும். பிறகு நீலத்துக்கு மாறி, மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று வழிகாட்டும். ஐடி துறையில் இருப்பவர்கள் இணைப்பில் உள்ள படிவத்தை நிரப்பித் தாருங்கள். இப்படி ஒரு பொருள் கிடைத்தால் பயன்படுத்துவீர்களா?

8 ஜனவரி, இரவு, பதில்

மாட்டேன்.

என் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதை முதலில் பார்க்கப் போவது எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர். மார்ச்சில் அப்ரைசல், அதாவது வருட வேலை மதிப்பீடு. இவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று நானே விளக்குப் போட்டுக் காட்டுவேனா?

படிவத்தையும் பார்த்தேன். 'வேலையில் மன அழுத்தத்தை உணர்கிறீர்களா? ஆம் / இல்லை.' இதற்கு 'இல்லை' என்று எழுதுகிறவர் வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகாதவராக இருப்பார், அல்லது முதலாளியாக இருப்பார். மற்ற எல்லாரும் 'ஆம்' என்பார்கள். நீங்கள் அதை வட்ட வரைபடமாக்கி அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒட்டுவீர்கள். கல்லூரிகளில் மதிப்பீட்டுக்குப் போய் உட்கார்கிறவள் என்பதால் சொல்கிறேன், அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

வேறு மாதிரி கேளுங்கள். நேற்று சாப்பாட்டுக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எத்தனை முறை நாற்காலியை விட்டு எழுந்தீர்கள், எங்கே போனீர்கள், கூட யார் வந்தார்கள், யாராவது கேட்டால் என்ன காரணம் சொல்லியிருப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

9 ஜனவரி

'சிவப்புதான் பிரச்சினை என்றால் வேறு நிறம் வைக்கிறோம்' என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். நிறம் போகட்டும், முதலில் அளவீட்டைப் பாருங்கள்.

விரல்நுனி சென்சார் செய்வது ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்ப்பது. விரல் அசைந்தால் எண் தாறுமாறாகும். அசையாமல் வைத்தாலும், நாடி ஏறியது வாடிக்கையாளர் திட்டியதாலா, படியேறி வந்ததாலா, இப்போதுதான் குடித்த காபியாலா, பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன நகைச்சுவையாலா என்று அதற்குத் தெரியாது. தோலின் வியர்வையை அளக்கும் சென்சார் வைக்கலாம் என்று உங்களில் ஒருவர் சொல்கிறார். மே மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சென்சாருக்கு மரண பயத்தில் இருப்பவராகத்தான் தெரிவார்.

மூச்சுப் பகுதியில் மட்டும் சரக்கு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு இறங்கினால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகப் பெரிதாகிறது. நான்கு விநாடி இழுத்து ஆறு விநாடி விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சென்சாரே வேண்டாம்.

விளக்கை ஏற்றி இறக்கும்போது கவனம்: நிரலில் ஒளி அளவுக்கான எண்ணை ஒரே சீராகக் கூட்டினால் கண்ணுக்கு அது சீராகத் தெரியாது. தொடக்கத்தில் குபீரென்று எரியும், மேலே போனபின் மாற்றமே தெரியாது. இருட்டுப் பக்கத்துச் சிறு மாற்றம் கண்ணுக்குப் பெரிதாகப் படுவதுதான் காரணம். எனவே தொடக்கத்தில் மெல்ல, பிறகு வேகமாக என்று வளைகோட்டில் ஏற்றுங்கள். ஆப்பிள் மடிக்கணினிகளில் முன்பெல்லாம் தூக்க நிலையில் ஒரு வெள்ளை விளக்கு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். அதற்குக் காப்புரிமையே வாங்கி வைத்திருந்தார்கள்.

10 ஜனவரி

நேற்று எழுதியதெல்லாம் விளக்கைச் சரியாகச் செய்வது பற்றி. விளக்கு தேவையா என்பது தனிக் கதை.

மாலை நாலேகால் மணிக்குத் துரைப்பாக்கம் பக்கம் ஏதாவதொரு ஐடி வளாகத்தின் வாசலுக்குப் போய் நில்லுங்கள். எதிரே டீக்கடை இருக்கும். வெளியே வருகிறவர்களின் கழுத்தைக் கவனியுங்கள். அடையாள அட்டையைக் கழற்ற மாட்டார்கள், சாலையைத் தாண்டும்போது அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது வாசலுக்கு நாலடி முன்னால் மறுபடி வெளியே எடுத்துவிடுவார்கள். யாரும் கற்றுத் தரவில்லை, எல்லாரும் செய்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் அவர்கள் யாருடைய ஊழியரும் அல்ல.

இன்னொன்று, சிகரெட் பிடிக்காதவர்கள் சிகரெட் பிடிப்பவர்களுடன் கிளம்பிவிடுவார்கள். புகைக்கப் போகிறேன் என்றால் எந்த மேனேஜரும் ஏன் என்று கேட்பதில்லை. சும்மா போய் நிற்கிறேன் என்றால் கேட்பார். புகைப்பவருக்கு இருக்கிற சாக்கு மற்றவர்களுக்கு இல்லை. என் குழுவில் ஒருவர் தண்ணீர்ப் புட்டியை வேண்டுமென்றே சின்னதாக வாங்கி வைத்திருந்தார். அரை மணிக்கு ஒருமுறை நிரப்பப் போகலாமே!

ஆக, அலுவலகத்தில் இருப்பவருக்கு இளைப்பாறத் தெரியாமல் இல்லை. எழுந்து போக ஒரு மரியாதையான காரணம்தான் கிடைப்பதில்லை. உங்கள் திட்டம் அவருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்க வருகிறது.

11 ஜனவரி

'செயலி ஒன்று செய்து மணிக்கொருமுறை நினைவூட்டினால் போதாதா' என்று கேட்டவருக்கு: போதாது. ஒரு நாளைக்கு எத்தனையோ அறிவிப்புகள் வரும் திரையில் 'ஓய்வெடுங்கள்' என்று இன்னொன்று. அதுவும் வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருக்கும்போது வரும்.

மாணவர்கள் ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். 1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 'அமைதியான தொழில்நுட்பம்' என்று பேசத் தொடங்கினார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் செய்தது. மேற்கூரையில் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து தொங்கும் எட்டடி பிளாஸ்டிக் கயிறு. மோட்டாரை அலுவலகத்தின் நெட்வொர்க் கம்பியோடு இணைத்திருந்தார். தகவல் போக்குவரத்து குறைவாக இருந்தால் கயிறு எப்போதாவது துடிக்கும், நெரிசல் கூடினால் விர்ரென்று சுழலும். யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஓரக்கண்ணில் பட்டால் போதும். அதில் எனக்குப் பிடித்தது அது மாட்டப்பட்ட இடம். எந்த ஒருவருடைய மேசைக்கும் சொந்தமில்லாத ஒரு மூலையில் அது தொங்கியது. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

12 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அதற்குமுன் சின்னக் குறிப்பு. நீங்கள் செய்த மாதிரியின் வீடியோவைப் பார்த்தேன், விளக்கு பூப்போல இதழ் விரிக்கிறது. ரிச்சி தெரு மின்னணுக் கடையில் வாங்கிய நீல நிறக் குட்டி சர்வோ மோட்டார்தானே, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது? அது ஓரிடத்தில் நிற்கும்போதும் 'ர்ர்ர்' என்று முனகும். அமைதியைக் கொண்டுவரும் பொருள் கொசு மாதிரி சத்தம் போடுகிறது. இதழ் போய்ச் சேர்ந்ததும் சமிக்ஞையை நிறுத்திவிடுங்கள். மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுங்கள், அதை இயக்கும் அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் ஐந்து வோல்ட் முனையிலிருந்தே எடுத்தால் இதழ் அசையும்போதெல்லாம் பலகை அணைந்து எழும். அந்தப் பலகையே 2005 வாக்கில் இத்தாலியின் இவ்ரேயாவில் ஒரு வடிவமைப்புப் பள்ளியில் உங்களைப் போன்ற மாணவர்களுக்காகச் செய்யப்பட்டதுதான், பயப்படாமல் கழற்றிப் போடுங்கள்.

17 ஜனவரி

ஊரிலிருந்து வந்து பார்த்தால் நிறையச் சேர்ந்திருக்கிறது.

இரவு ஷிப்டில் வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் ஒரு சகோதரி நான் 10ஆம் தேதி எழுதியதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். அவருடைய வேலையில் சாக்கு என்ற பேச்சே கிடையாது. இடைவேளை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. எழுந்தால் திரையில் ஒரு குறியீட்டை அழுத்திவிட்டுத்தான் எழ வேண்டும், தாமதமானால் மாத மதிப்பெண்ணில் குறையும். இரவு இரண்டு மணிக்கு எதிர்ச் சாலை டீக்கடையில் போய் நிற்பதும் அவருக்கு இயலாது. பகல் டீக்கடையை வைத்து நான் பேசியது பெரும்பாலும் ஆண்களின் ஓய்வு என்கிறார். ஆமாம், அந்தக் கூட்டத்தில் பெண்கள் முன்பைவிட அதிகம்தான், ஆனாலும் குறைவுதான்.

வங்கியில் இருக்கும் நண்பரோ, கவுன்டருக்கு முன்னால் வரிசை நிற்கும்போது மேசையில் பூ விரிந்தால் வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றுவார் என்கிறார். பிள்ளைகளே, 'அலுவலக ஊழியர்' என்று ஒரே ஆள் இல்லை. யாருக்கு என்று முதலில் ஒருவரைப் பிடியுங்கள்.

ஒருவரைப் பிடித்து அவருக்கு வேண்டியதைச் செய்வதற்குச் சட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றவருக்கு வேண்டியிருந்தது தியானச் செயலி அல்ல, ஒரு ஸ்டூல்.

17 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

'எங்கள் நிறுவனத்தில் இளைப்பாறும் அறையே இருக்கிறது' என்று பெருமையாக எழுதியவருக்கு. நான் முன்பு இருந்த ஓரிடத்திலும் இருந்தது. பீன் பை, செயற்கைப் புல், கேரம் போர்டு, சுவரில் ஆங்கில வாசகம். மூன்று பக்கம் கண்ணாடி. ஒரு கண்ணாடிக்கு நேரெதிரே துறைத் தலைவரின் அறை. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும்போது மட்டும் அதில் விளக்கு எரியும். கேரம் போர்டில் பவுடர் கட்டியாகிவிட்டது.

2021இல் அமேசான் தன் கிடங்குகளில் தனியாள் நுழைந்து தியான வீடியோ பார்க்கும் சிறு கூண்டு ஒன்றை அறிமுகப்படுத்தி வீடியோ வெளியிட்டது. இணையம் அதைக் கிழித்துத் தொங்கவிட்டது, பதிவை நீக்கிவிட்டார்கள். வேலையின் வேகத்தைத் தொடாமல் மூலையில் ஒரு பெட்டி வைத்தால் மக்களுக்குப் புரியாதா என்ன?

21 ஜனவரி

உங்கள் முன்மொழிவின் வரைவைப் படித்தேன். ரோஜர் உல்ரிச்சின் 1984 ஆய்வை மேற்கோள் காட்டி 'இயற்கைக் காட்சி அலுவலக அழுத்தத்தைக் குறைக்கிறது என்று நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அலுவலகத்தைப் பார்க்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவேடுகளை எடுத்து, ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்களையும் செங்கல் சுவர் தெரிந்தவர்களையும் இணை இணையாக வைத்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்து குறைவாகக் கேட்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அதிலிருந்து ஐடி வளாகங்கள் நிறைந்த நம் ஓஎம்ஆர் சாலைக்கு வர நடுவில் பல படிகள் இருக்கின்றன. தவிர, ஓஎம்ஆரில் இப்போது ஜன்னலைத் திறந்தால் தெரிவது மெட்ரோ தூண்.

4 பிப்ரவரி

மாணவர்கள் விளக்கைக் கைவிட்டுவிட்டார்கள்! யாரோ ஒருவரின் சின்னத் தண்ணீர்ப் புட்டி இவர்களைப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது.

புதிய யோசனை இது. மேசைகளிலிருந்து தள்ளி, ஜன்னலோரமாக, இடுப்பு உயர மர நிலையில் குழாய் வைத்த மண்பானை. குழாயின் உள்வழியை வேண்டுமென்றே குறுக்கியிருக்கிறார்கள், ஒரு புட்டி நிரம்ப ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும். அதுவரை நிற்க வேண்டும். நிற்பவருக்குக் கையில் வேலை இருக்கிறது, எனவே சும்மா நிற்கவில்லை. சென்சார் இல்லை, திரை இல்லை, யாரும் யாரையும் அளக்கவில்லை. மின்சாரமே இல்லை.

எனக்குப் பிடித்திருக்கிறது. வழிகாட்டும் ஆசிரியருக்குப் பிடிக்கவில்லையாம். 'இதில் தொழில்நுட்பம் எங்கே' என்றாராம். ஐயாவிடம் சொல்லுங்கள், தண்ணீர் எவ்வளவு நேரத்தில் விழ வேண்டும் என்று முடிவு செய்வதும் தொழில்நுட்பம்தான்.

12 பிப்ரவரி

தெரிந்தவரின் சிறிய அலுவலகத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நானும் ஒரு மதியம் போய் ஓரமாக நின்றேன்.

முதலில் வந்தவர் குழாயைத் திறந்தார், புட்டியைக் கீழே வைத்தார், இருக்கைக்குத் திரும்பிப் போய்விட்டார். தண்ணீர் நிரம்பி வழிந்து தரை ஈரமானது. அடுத்தவர் குழாயைத் தட்டிப் பார்த்து, அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அட்மினுக்குப் புகார் எழுதினார். மூன்றாமவர் புட்டியைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தார். ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். முதலாமவருக்கு நிரம்பியபின்னும் போகவில்லை, இரண்டாமவருக்கு நிரம்பும்வரை நின்று பேசினார்கள். அவர்கள் பேசியது குழந்தையின் பள்ளிச் சேர்க்கை பற்றி.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: மெதுவாக விழுவது பழுது அல்ல என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இரண்டு குழாய் வையுங்கள். ஒன்று சாதாரணக் குழாய், இன்னொன்று மெதுவானது. அவசரக்காரர் திட்டாமல் போவார். மெதுவானதைத் திறக்கிறவர் தெரிந்தே திறக்கிறார். நிர்ப்பந்தமாக நிற்க வைப்பது ஓய்வாகாது, அது ரேஷன் கடை வரிசை.

13 பிப்ரவரி

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று இரவெல்லாம் உறுத்தியது.

அந்த அலுவலகத்தில் இருபது லிட்டர் கேன் தண்ணீர்தான். முன்பு கேனை மாற்றுவதோடு வேலை முடிந்தது. இப்போது கேனைத் தூக்கிச் சாய்த்துப் பானையில் ஊற்ற வேண்டும், பானையை வாரத்துக்கு இருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும், கசிகிற நீரைத் துடைக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் துப்புரவுப் பணியில் இருக்கும் அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாணவர்களின் நேர்காணல் பட்டியலில் அவர் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாம், 'அலுவலக ஊழியர்' ஆக மாட்டாராம்.

அவரிடம் பேசினேன். எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். சேவைப் படிக்கட்டில், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவிலுள்ள திருப்பத்தில் என்றார். கூட்டிப்போய்க் காட்டினார். நாலாய் மடித்த அட்டைப்பெட்டி ஒன்று சுவரோரம் செருகியிருந்தது, எடுத்து விரித்தால் இருக்கை. சாம்பார்ச் சாதம் சாப்பிடுவதும் அங்கேதான். லிப்ட் வேலை செய்யும்வரை அங்கே யாரும் வர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பானையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றதற்கு, 'பிள்ளைங்க ஆசையா வெச்சிருக்காங்க, இருக்கட்டும்மா' என்றார். பாராட்டு மாதிரிதான் இருக்கும், இதை அறிக்கையில் போட்டுவிடாதீர்கள்.

ஒருவர் இளைப்பாற இன்னொருவர் கூடுதலாகக் கேன் தூக்குவது சரியில்லை. பானையின் உயரத்தைக் குறைத்து, கேனைத் தலைகீழாக மேலேயே பொருத்தும்படி நிலையை மாற்றுங்கள். பழைய கேன் தாங்கி மாதிரியே, அடியில் மட்டும் பானை. தூக்குவது முன்பு இருந்த அளவுக்கு வந்துவிடும். கழுவும் வேலைக்குப் பானையின் வாய் கை நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும்.

20 பிப்ரவரி

'குளிரூட்டிய அறையில் மண்பானை எதற்கு, தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்துதானே இருக்கும்' என்று கேட்ட பொறியாளருக்கு: சரியான கேள்வி. பானை குளிர்வது மேல்பரப்பில் கசியும் நீர் ஆவியாவதால். சென்னைக் கடலோர ஈரப்பதத்தில் வெளியே வைத்தாலே மதுரையில் குளிர்கிற அளவுக்குக் குளிராது. இங்கே பானையின் வேலை குளிர வைப்பது அல்ல. பிளாஸ்டிக் இயந்திரத்துக்கு முன்னால் யாரும் தங்குவதில்லை, பானைக்கு முன்னால் தங்குகிறார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான். அதே நிலையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மாணவர்களுக்கு மனம் வராது.

6 மார்ச்

இரண்டு குழாய் வந்துவிட்டது. இப்போது 'எப்படி அளப்பது' என்று கேட்கிறார்கள்.

நோட்டுப்புத்தகத்தோடு பக்கத்தில் நிற்காதீர்கள். 1920களில் சிகாகோவை ஒட்டி ஹாதார்ன் என்ற தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் வெளிச்சத்தையும் இடைவேளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததாலேயே ஊழியர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள் என்பதுதான் அதிலிருந்து பரவிய பாடம். அந்தப் பழைய கணக்குகளைப் பின்னால் கிளறியவர்கள் அது அவ்வளவு தெளிவாக இல்லை என்கிறார்கள். இருக்கட்டும், உங்கள் விஷயத்தில் நானே கண்ணால் பார்த்தேன். நீங்கள் நின்றபோது எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

இரண்டு குழாய்க்கும் தனித்தனிப் பானை வைத்து, மாலையில் எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குச்சி விட்டுப் பாருங்கள். போதும். புதுமோகம் தீரும்வரை, மார்ச் முழுக்க விடுங்கள். அப்ரைசல் வாரம், நிதியாண்டுக் கடைசி எல்லாம் அதற்குள் வந்துவிடும். அவசரம் உச்சத்தில் இருக்கும்போதும் மெதுவான பானையில் கொஞ்சமாவது குறைந்தால் அதுதான் செய்தி.

7 மார்ச்

'வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின்னும் லேப்டாப் திறந்திருக்கிறது, அதற்கு என்ன பானை' என்று ஒருவர். நியாயம். பிரான்சில் 2017 ஜனவரி முதல் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பணிநேரத்துக்குப் பிந்தைய தொடர்பு பற்றித் தொழிலாளர்களுடன் பேசியாக வேண்டும். இங்கே எம்.பி. சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் இதே விஷயத்துக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மரச்சட்டத்தால் செய்யக்கூடியது இதில் இல்லை. அவர்களை விட்டுவிடுங்கள்.

2 ஏப்ரல்

அறிக்கையின் தலைப்பில் 'மன அழுத்தத்தைக் குறைக்கும்' என்ற சொற்களை அடித்துவிடுங்கள். நீங்கள் அதை அளக்கவில்லை. மெதுவான பானையில் தண்ணீர் தினமும் குறைந்தது, மார்ச் கடைசி வாரத்தில் மிகக் குறைவாகக் குறைந்தது, ஏப்ரல் 1 அன்று மறுபடி கூடியது. இதை இப்படியே எழுதுங்கள். மதிப்பீட்டுக் குழு இதைத்தான் நிமிர்ந்து பார்க்கும். சேவைப் படிக்கட்டின் புகைப்படத்தை அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள், அந்த இடம் வெளியே தெரிந்தால் அட்மின் அட்டையை எடுத்துவிடும்.

3 ஏப்ரல்

குழாய் அடியில் கசிகிறது என்று கேட்டிருந்தீர்கள். பானைச் சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ரப்பர் வாஷர் வேண்டும். ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள். எம்சீல் பசை வைத்து அடைக்காதீர்கள், குடிதண்ணீர். உள்பக்கத்து நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் பானை போய்விடும்.

மதிப்பீடு 11ஆம் தேதிதானே? ஒரு பானையைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள், ஆட்டோவில் உடைந்தால் என்ன செய்வீர்கள்.